கெண்டிக்கு மூன்று தையல்

அம்பத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்னை எழுப்புவது ஒரு மினி லாரியின் ஸ்பீக்கர். பழைய ஃபிரிட்ஜ், பழைய வாஷிங்மெஷின், பழைய இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் எடுத்துக்கொள்வதாக ரெக்கார்டு செய்த குரல் ஒன்று சொல்லிக்கொண்டே போகும். என் சின்ன வயதில் இதே தெருவில் வேறு குரல்கள். ஈயம் பூசறவர், சாணை பிடிக்கறவர், அம்மி கொத்தறவர், குடை ரிப்பேர்க்காரர், ஒழுகுகிற பிளாஸ்டிக் குடத்தைப் பழுக்கக் காய்ச்சின கம்பியால் ஒட்டித் தருகிறவர். அவர்கள் எல்லோரும் 'கொடுங்க, சரி பண்ணித் தர்றேன்' என்றார்கள். மினி லாரி 'கொடுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

இந்தப் பட்டியலில் ஒருவர் அன்றைக்கும் கிடையாது. மண்ணை ஒட்டுகிறவர். பித்தளை ஓட்டையானால் ஈயம். மண் உடைந்தால் குப்பை. ரொம்பப் போனால் தெருப் பெண்கள் பாண்டி ஆட ஓட்டாஞ்சில்லு. 'பின்னமானது வீட்ல ஆகாது' என்று ஒரு வார்த்தை வேறு.

இதுவரை இந்தப் பத்தியில் சினிமாவை, புத்தகத்தை, டிவி சீரியலை விமர்சித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் ஒரு ரிப்பேர் வேலையை விமர்சிக்கப் போகிறேன். சிரிக்காமல் படிக்கவும்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பாட்டி. எண்பத்தைந்து வயது. தெருவே 'பர்மா பாட்டி' என்றுதான் கூப்பிடும். ரங்கூனில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, 1964-ல் கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியவர். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்ததும், அடுத்த இரண்டு வருஷத்தில் கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆனதும், பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பியதும் தெரிந்த கதை. மகன் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பேரன் எஸ்டேட் பக்கம் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை.

பாட்டியிடம் ஒரு டீ பாட் இருக்கிறது. ஒரு கமலா ஆரஞ்சு அளவுதான். பளபளப்பு கிடையாது. காய்ந்த பேரீச்சம்பழ நிறம், தடவினால் விரலில் நறநறவென்று ஒரு மணல் உணர்ச்சி. அவருடைய மாமியார் ரங்கூனில் ஒரு சீனாக்காரன் கடையில் வாங்கியதாம்.

"கப்பல் ஏறும்போது காதுத் தோட்டைக் கழட்டச் சொல்லிட்டான் தம்பி. இதையும் எடுத்து மூடியைத் திறந்து பாத்தான். மண்ணுதானேன்னு திருப்பிக் குடுத்துட்டான்."

அந்த 'மண்ணுதானே' போன மாசம் சமையல் மேடையிலிருந்து விழுந்தது. மூடி சரியாக இரண்டு துண்டு. மூக்கு நுனியில் ஒரு சில்லு காணோம்; பெருக்கிக் கொட்டியாயிற்று. உடம்பும் பிடியும் தப்பித்தன. பேரன் பாசத்தோடு அவசரப்பட்டு, ஐந்து ரூபாய் இன்ஸ்டன்ட் பசையால் மூடியை ஒட்டினான். மறுநாளே ஒட்டின இடத்தில் திருநீறு பூசின மாதிரி வெள்ளை பூத்தது. மூன்றாம் நாள் கொதிக்கிற டீயின் ஆவி பட்டு, மூடியின் ஒரு பாதி கழன்று பாட்டியின் கப்புக்குள் விழுந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிற நல்ல தெரு.

கொஞ்சம் பின்னணி. சீனாவில் ஜியாங்சு மாகாணத்தில், தாய் ஏரியின் மேற்கே யீஷிங் என்று ஒரு ஊர். அங்கே கிடைக்கிற ஒருவகைக் களிமண்ணுக்கு 'ஸீஷா', அதாவது ஊதா மணல், என்று பெயர். இந்த மண்ணில் ஐந்நூறு வருஷமாக டீ பாட் செய்கிறார்கள். பழைய முறையில் குயவர் சக்கரமே கிடையாது. மண்ணைச் சப்பாத்தி மாதிரித் தட்டித் தகடாக்கி, வளைத்து, ஒட்டிச் செய்வது. உள்ளேயும் வெளியேயும் பீங்கான் மாதிரிக் கண்ணாடிப் பூச்சு இல்லை. ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு டிகிரியில் சுட்ட பிறகும் மண்ணில் நுண்ணிய துளைகள் இருக்கும். டீயின் மணம் அதற்குள் இறங்கும். அதனால் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, ஒரு பாட்டில் ஒரே ஜாதி டீதான் போட வேண்டும் என்பார்கள். இது நமக்குப் புரியாத விஷயமா? மீன் குழம்புச் சட்டியில் யாராவது பால் காய்ச்சுவார்களா?

பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பாட்கள் டீயோடு கப்பலேறி ஐரோப்பா போயின. ஜெர்மனியில் மைசன் ஊரின் வெள்ளைப் பீங்கான் விற்பனைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், போட்கர் என்ற ரசவாதி 1700-களின் தொடக்கத்தில் செய்து விற்றது யீஷிங்கைப் பார்த்துச் செய்த சிவப்புக் கல்மண் பாத்திரங்களைத்தான்.

நமக்கும் சீன மண்பாண்டத்துக்கும் அதைவிடப் பழைய உறவு. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980-களில் சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் மற்றவர்களும் ஆராய்ந்தபோது, மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாக வந்தன. சீனச்சட்டி, சீனவெடி, சீனி என்று நம் வீட்டு வார்த்தைகளிலேயே அந்த நாடு உட்கார்ந்திருக்கிறது. கொடுத்தும் இருக்கிறோம். மூக்கு வைத்த பாத்திரத்துக்கு நாம் சொல்லும் கெண்டி, மலாய் நாட்டில் 'கெண்டி'தான். சீனாக்காரர்கள் அந்த வடிவத்தைப் பீங்கானில் செய்து தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். உலக மியூசியங்களில் லேபிளிலும் 'கெண்டி' என்றே போடுகிறார்கள். ஆகவே இனிமேல் டீ பாட் வேண்டாம், கெண்டி என்றே எழுதுகிறேன்.

பேரனுக்கு இந்த வரலாறு எதுவும் வேண்டாம். அவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். கூ ஜிங்ஜோ என்ற யீஷிங் கலைஞர் (1915–1996) செய்த ஒரு கெண்டி 2010-ல் ஏலத்தில் ஒரு கோடி யுவானுக்கு மேல் போயிருக்கிறது.

"அங்கிள், அடியில பாருங்க, இதுலயும் சீல் இருக்கு!"

இருந்தது. ஆனால் யீஷிங்கில் பெரிய பெயர்களின் முத்திரையைப் போட்டு விற்பது பரம்பரைத் தொழில். நூறு வருஷத்துக்கு முந்தைய கலைஞன் முத்திரை நேற்றைக்குச் செய்த கெண்டியிலும் இருக்கும். முத்திரை வயதுச் சான்றிதழ் ஆகாது. நான் பி.காம். படித்தவன், விலை என்றால் வாங்குகிறவன் எழுதுகிற செக் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் பேரனோடு ஒரு பழம்பொருள் கடைக்குப் போனேன். (எந்தக் கடை என்று கேட்டு எழுத வேண்டாம்.)

கடைக்காரர் கெண்டியை ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்தார். "மூடிய எபாக்சி போட்டு ஒட்டிடலாம். மூக்குக்கு அதே பசையில மண் பவுடர் கலந்து நுனி கட்டிடலாம். மேல கலர் குடுத்து மெழுகு போட்டா ஒடஞ்சதே தெரியாது சார். வாங்கறவனுக்கு சத்தியமா தெரியாது."

கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. அவர் கெண்டியை ரிப்பேர் செய்வதாகச் சொல்லவில்லை. விற்பனையை ரிப்பேர் செய்வதாகச் சொல்கிறார். எங்கள் கணக்குப் பாடத்தில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். நஷ்டத்தை மறைத்து பேலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் அடிப்பது. தவிர, அந்தக் கெண்டியில் அப்புறம் டீ போட முடியாது. சாதாரண எபாக்சிப் பசைகள் கொதிநீர்ச் சூட்டில் இளகிவிடும். துளையுள்ள மண்ணுக்குள் ஒருமுறை இறங்கினால் முழுக்க வெளியே எடுப்பதும் நடக்காத காரியம். பார்க்க முழுசு, பயன்பாட்டில் பிணம்.

ஒட்டு தெரியக் கூடாது என்கிற இந்த வெறி நம்மிடம் பழம்பொருள் கடையோடு நிற்கவில்லை. திருப்பணி என்று சொல்லி எத்தனை கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சிற்பங்களின் மூக்கையும் கல்வெட்டின் எழுத்தையும் மழுங்க வைத்திருக்கிறோம்! புதுசு மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். ஆயிரம் வருஷக் கோயில் ஏன் புதுசு மாதிரி இருக்க வேண்டும்? சரியாகச் செய்கிறவர்களும் இங்கேயே உண்டு. எழும்பூர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகளுக்கு வரும் நோய்களைக் கவனிக்க 1930-லேயே ரசாயனக் கூடம் ஆரம்பித்தார்கள்; அதன் முதல் ஆள் எஸ்.பரமசிவன். இன்றைக்கு மியூசியங்களில் உடைந்த மண்பாண்டம் ஒட்டப் பரவலாகப் பயன்படுவது பேரலாய்டு பி-72 என்ற பிசின். அதன் பெருமை பலமாக ஒட்டுவது அல்ல. நாளைக்கு வேறொருவன் வந்து 'இது தப்பு' என்று நினைத்தால் அசிட்டோன் விட்டுக் கழற்றிவிடலாம் என்பதுதான். ஆனால் அதுவும் சூட்டுக்கு ஆகாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பொருளுக்குத்தான்.

கடையிலிருந்து வெளியே வந்ததும் பேரன் கட்சி மாறினான். "அப்போ கின்சுகி பண்ணிடலாம் அங்கிள்!"

கின்சுகி தெரியாதவர்கள் இப்போது குறைவு. ஜப்பானில் உடைந்த கிண்ணத்தை அரக்கால் ஒட்டி, ஒட்டின கோட்டின்மேல் தங்கப் பொடி தூவுகிற கலை. உடைந்த இடம் மறையாது, மின்னும். அசல் கின்சுகியைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. 'உருஷி' என்ற மரத்துப் பாலில் செய்யும் அரக்கு அது. வெயிலில் காயாது, வெதுவெதுப்பும் ஈரப்பதமும் இருந்தால்தான் இறுகும். (சென்னையின் புழுக்கத்துக்கு உலகத்தில் ஒரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டேன்.) பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளிக்கும். நம் சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போட்ட சேங்கொட்டையும் முந்திரியும் மாமரமும் இந்த உருஷியும் ஒரே தாவரக் குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டவர்களுக்கு அந்த அரிப்பு தெரியும். பூசி, இறுக விட்டு, தேய்த்து, மறுபடி பூசி... வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும்.

பேரன் ஆர்டர் போட்டது அதை அல்ல. அட்டைப் பெட்டியில் வருகிற 'கின்சுகி கிட்'. பாக்கெட்டைப் படித்துப் பார்த்தேன். எபாக்சிப் பசை, தங்க நிறத்தில் மைக்கா பொடி. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு உகந்ததல்ல என்று சின்ன எழுத்தில் வேறு. அதாவது பழம்பொருள் கடைக்காரரின் அதே பசை. அவர் மறைக்கச் சொன்னார், இவர்கள் ஜிகினா பூசச் சொல்கிறார்கள். டீ மட்டும் இரண்டிலும் போட முடியாது.

பெட்டிக்கு மேல் ஒரு தத்துவமும் இலவசம்: உடைந்தால் கவலைப்படாதே, முன்னைவிட அழகாவாய். சுய முன்னேற்றப் புத்தகங்கள் இந்தக் கின்சுகியைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. விவாகரத்து, வேலை போனது, பரீட்சை ஃபெயில், எல்லாவற்றுக்கும் தங்கக் கோடு. ஒர்க் ஷாப்புகளில் நல்ல கிண்ணத்தைச் சுத்தியலால் தட்டி உடைத்து, பிறகு ஒட்டி, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இழப்பே இல்லாத ரிப்பேர். கணக்குப் படித்தவனாகச் சொல்கிறேன்: ரிப்பேர்ச் செலவு ஓடுகிற பொருள் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்வது, அது லாப நஷ்டக் கணக்கில் போகும். சொத்தின் மதிப்பைக் கூட்டச் செய்கிற செலவு மூலதனச் செலவு, அது பேலன்ஸ் ஷீட்டுக்குப் போகும். கிட்காரர்கள் இரண்டாவதை முதலாவதின் பெயரில் விற்கிறார்கள்.

இந்தத் தத்துவக்காரர்கள் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் ஜப்பானின் ஷோகுன் அஷிகாகா யோஷிமாசா, விரிசல் விட்ட தன் சீனக் கிண்ணத்தைச் சீனாவுக்கே அனுப்பினாராம். அங்கே அதற்கு இரும்புத் தையல் போட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். அது அசிங்கமாக இருக்கிறதே என்று ஜப்பானியர்கள் கின்சுகியைக் கண்டுபிடித்தார்களாம். கதையின் மறுபாதியை இவர்கள் சொல்வதில்லை. அந்தப் பச்சைக் கிண்ணம் இன்றைக்கும் டோக்கியோ தேசிய மியூசியத்தில் இருக்கிறது. தையல்களோடு! அந்த இரும்புத் தையல்கள் பெரிய வெட்டுக்கிளி உட்கார்ந்த மாதிரி இருப்பதாகச் சொல்லி 'பகோஹான்' என்று செல்லப் பெயரே வைத்தார்கள். அந்தத் தையலால்தான் அந்தக் கிண்ணத்துக்குப் புகழ். அசிங்கம் என்று யாரும் பிடுங்கிப் போடவில்லை.

சீனாவில் இந்தத் தையல்காரர்கள் தோளில் பெட்டியோடு ஊர் ஊராகப் போனவர்கள், நம் ஈயம் பூசறவர் மாதிரி. வைர முனை வைத்த வில் துளைப்பானால் உடைந்த இரண்டு பக்கமும் குழி போடுவார்கள். குழி மறுபக்கம் வரை போகக் கூடாது, பாதி ஆழம்தான். அதில் ஸ்டேப்ளர் பின் மாதிரி ஒரு உலோகத் துண்டை இறுக்கமாகத் தட்டி உட்கார வைப்பார்கள். அந்த இழுவிசைதான் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. 'வைர ஊசி இல்லாதவன் பீங்கான் வேலையை ஏற்காதே' என்று அவர்கள் ஊரில் பழமொழியே உண்டு.

ஜாங் யீமோ எடுத்த 'தி ரோட் ஹோம்' படத்தில் இப்படி ஒருவர் வருவார். 1999-ல் வந்த படம். 2000-ல் பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியது. கிராமத்துப் பெண், ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார்மேல் பிரியம். அவர் ஊரைவிட்டு அழைத்துப் போகப்படும்போது, அவருக்காகச் செய்த கொழுக்கட்டையோடு வண்டியைத் துரத்தி ஓடி விழுகிறாள். கிண்ணம் உடைகிறது. கண் தெரியாத அவள் அம்மா அந்தத் துண்டுகளை எடுத்து வைத்து, தெருவில் போகிற தையல்காரரைக் கூப்பிடுகிறாள். புதுக் கிண்ணமே இதைவிட மலிவு என்கிறார் அவர். பரவாயில்லை, போடு என்கிறாள் அம்மா. அதற்கப்புறம் அந்தக் காட்சியில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு மனிதர் உட்கார்ந்து குழி போடுகிறார், சுத்தியலால் தட்டுகிறார். ஜாங் யீமோ அதை அவசரப்படாமல் காட்டுகிறார். பின்னால் அவர் எடுத்த, ஆகாயத்தில் பறந்து சண்டை போடுகிற படங்கள் எல்லாவற்றையும் இந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன். அந்த அம்மா அதை மறைக்கவும் சொல்லவில்லை, மின்ன வைக்கவும் சொல்லவில்லை. மகளுக்கு அது மறுபடி ஒரு கிண்ணமாக வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டிக்கு அந்தக் காட்சியை என் போனில் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்து, "இப்படித்தான் தம்பி, எங்க மாமியா வீட்ல ஒரு தட்டு இருந்துச்சு, முதுகுல கம்பி போட்டு" என்றார். "எனக்கு ஒண்ணும் விக்க வேணாம். சாகறதுக்குள்ள அதுல டீ ஊத்திக் குடிக்கணும்."

அதற்குமேல் பேரன் பேசவில்லை.

பூந்தமல்லியில் எனக்குத் தெரிந்த ஒரு பத்தர் இருக்கிறார். நகைக் கடைகள் வந்த பிறகு வேலை குறைந்து, கொலுசுக்குக் கொக்கி, மூக்குத்திக்குத் திருகு என்று ஓட்டிக்கொண்டிருப்பவர். கெண்டியைப் பார்த்ததும், "சுட்ட மண்ணுல பத்த வைக்க முடியாதே சார்" என்றார். பற்ற வைக்க வேண்டாம், தைக்க வேண்டும் என்று அதே வீடியோவைக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை அவர் பார்த்தது அந்த மனிதரின் கையை மட்டும்.

நகை வேலைக்கு அவரிடம் மைக்ரோ மோட்டாரும் வைர முனைகளும் ஏற்கெனவே இருந்தன. முதல் நாள் கெண்டியைத் தொடவே இல்லை. உடைந்த பூந்தொட்டி ஓட்டில் பழகினார். இரண்டு ஓடு விண்டு போயின. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே துளைத்தால் சூடேறாது, ஓடு தாங்குகிறது என்று அவரே கண்டுபிடித்தார். சுத்த வெள்ளி இளகும் என்று செம்பு சேர்த்துக் கம்பி இழுத்தார். பேரன் போட்ட பசையை அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றியது மட்டும் என் கைங்கரியம். மூடிக்கு மூன்று தையல். மூக்கு நுனிக்கு, குடைக்குப் பூண் போடுகிற மாதிரி ஒரு வெள்ளிப் பூண், நெருப்பில்லாமல் அழுத்தி மடித்தது. இதுவும் புதிதில்லை. தாய்லாந்துக்காரர்கள் யீஷிங் கெண்டிகளை வாங்கி மூக்குக்கும் மூடி விளிம்புக்கும் உலோகப் பூண் கட்டியிருக்கிறார்கள்.

இனி விமர்சனம். நடுத் தையல் ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கிறது. மூடியின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நகம் வைத்தால் ஒரு படி தட்டுப்படுகிறது. பூண் அளவுக்குமீறி மினுங்குகிறது. கறுக்கும் வரை ஆறு மாசம் பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மூக்கின் பழைய கூர் போய்விட்டதால் ஊற்றி நிறுத்தும்போது கடைசிச் சொட்டு கீழே வழிந்து அடிவரை வருகிறது. யீஷிங்கில் நல்ல கெண்டிக்கு முதல் பரீட்சையே அந்தக் கடைசிச் சொட்டுதான். அதில் பத்தர் ஃபெயில். ஆனால் கொதிநீர் ஊற்றினோம். மூடி பிரியவில்லை. பசை வாடை இல்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. விழுந்தது, தைத்தது இரண்டும் பார்க்கிற யாருக்கும் தெரிகிறது. கடைக்காரரின் எபாக்சிக்கும் பேரனின் ஜிகினாவுக்கும் போடுகிற மார்க்கைவிட இதற்கு ரொம்ப அதிகம் போடுவேன்.

சீன டீ அம்பத்தூரில் கிடைக்கவில்லை. மருமகள் டயட்டுக்காக வாங்கி வைத்திருந்த கிரீன் டீ பையைக் கிழித்து உள்ளே கொட்டினார் பாட்டி. ஒரு வாய் குடித்துவிட்டு, "ரங்கூன் டீ இல்லதான்" என்றார். வழிந்த சொட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு இன்னொரு கப் ஊற்றினார்.

பத்தர் கூலியாக அறுநூறு ரூபாய் கேட்டார், வெள்ளி தனி. பணத்தை வாங்கிக்கொண்டு கல்லாவை மூடும்போது, "சார், உங்க பக்கம் வேற யார் வீட்லயாவது மண்ணு, பீங்கான் ஒடஞ்சது இருந்தா சொல்லுங்க" என்றார். "துண்டு எதையும் தூக்கிப் போட்டுட வேணாம்னு சொல்லுங்க. சின்னதா இருந்தாலும்."